மாஸ்டர் கட்டுக்கை

திண்டிவனத்தில் நல்ல பிரஷ் கிடைக்காது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விற்கும் பிரஷ்தான் இருக்கும்; தண்ணீரில் நனைத்தால் துடைப்பம் மாதிரி விரிந்துகொள்ளும். விழுப்புரத்திலும் அதே கதைதான். முடி கனத்தில் ஒரு கோடு இழுக்க வேண்டும் என்றால் புதுச்சேரிக்கு பஸ் ஏற வேண்டும். என் தொழிலில் இருந்த பெரிய கஷ்டம் இதுதான் மேடம். மற்றதெல்லாம் போகப்போகச் சரியாகிவிட்டது.

நான் செய்பவற்றை உங்கள் ஏட்டையா பொம்மை என்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவை ஃபிகர்கள். ஒரு சாண் உயரம், முழங்கை மடங்கும், கழுத்து திரும்பும். திருவக்கரைக் கோயிலில் பௌர்ணமிக் கூட்டத்துக்கு விற்கும் மலிவுப் பிளாஸ்டிக் வீரர்களை மூட்டையாக வாங்கிவருவேன். அவற்றின் முகத்தையும் சட்டையையும் சுரண்டி எடுத்துவிட்டு, குழாய் ஒழுக்கை அடைக்கும் பசை மாவால் புது உடம்பு கட்டி, பெயிண்ட் அடித்து, வேறோர் ஆளாக மாற்றுவது. உலகம் முழுக்க இதைச் செய்கிறார்கள். ஆனால் எல்லோரும் கதாநாயகர்களைச் செய்கிறார்கள். நான் வில்லன்களை எடுத்துக்கொண்டேன். அதிலும் யாருக்கும் தெரியாத வில்லன்களை.

ஒரு காலத்தில் சாணித்தாளில் அச்சடித்து வந்த காமிக்ஸ் புத்தகங்களில், ஒரே இதழில் வந்து ஒரே இதழில் செத்துப்போன வில்லன்கள் நிறைய உண்டு. மரக்காணத்து உப்பளத்தில் ஆய்வுக்கூடம் வைத்து, நாட்டிலுள்ள ஏரிகளையெல்லாம் உப்பாக்கப் பார்த்தவர் டாக்டர் உப்பு. கோர்ட்டுப் பத்திரங்களைத் தின்னக் கரையான்களைப் பழக்கியவர் கரையான் துரை; பீரோ விழுந்து இறந்தார். பிசின் ராணியைத் தொட்டவர்கள் அவளோடு ஒட்டிக்கொள்வார்கள். இவர்கள்மீது எனக்கு மரியாதை உண்டு. திறமை இருந்தும் நாலு பக்கத்தோடு முடிந்துபோனவர்கள். நானும் எஞ்சினியரிங் முடித்தவன்.

பிரம்மதேசத்தில் அப்பாவுக்கு நிலம் இருக்கிறது. நெல்லும், எண்ணெய்க்கு மல்லாட்டையும் வீட்டுக்கு வந்துவிடும். அதனால் கலைக்கு என் முழு நேரத்தையும் கொடுக்க முடிந்தது. கல்யாணத்துக்கு முன்பே டாக்டர் உப்பைச் செய்து, காமிக்ஸ் ரசிகர்கள் குழு ஒன்றில் படத்தைப் போட்டேன். ‘எங்க வார்டு கவுன்சிலரை ஏன் செஞ்சிருக்கீங்க?’ என்று கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் எழுதினார். நிறையப் பேர் சிரிப்புக் குறி போட்டிருந்தார்கள். புதுமையை முதலில் அப்படித்தான் வரவேற்பார்கள். நான் வருத்தப்படவில்லை. குழுவை விட்டு வெளியேறினேன், அவ்வளவுதான்.

கலைப்பிரியா விழுப்புரத்துப் பெண். கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடும் வேலையில் இருந்தாள். வாய் கொஞ்சம் நீளம். மற்றபடி குறை சொல்ல எதுவும் இல்லை. கல்யாணமான புதிதில் ஒரு மத்தியானம், டாக்டர் உப்புக்கு நான் மறுபடியும் கண் வைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள்.

“இன்னாங்க இது, மூஞ்சி வீங்கிக்கினு இருக்குது? பல்லு வலியா இவருக்கு?”

அவர் வில்லன் என்றேன். உலகத்தின்மீது வெறுப்பு என்றேன்.

“வெறுப்பு இருக்கறவன் கண்ண இம்மாம் பெருசாவா தொறப்பான்? குடுங்க இப்படி.”

பிரஷ்ஷை வாங்கினாள். உடனே வரைந்துவிடவில்லை. காமிக்ஸைக் கேட்டு வாங்கி, கதையைக் கடைசிவரை படித்தாள். “ஏரியெல்லாம் உப்பாவணும்னா, சின்ன வயசுல இவரு தண்ணிக்கு எங்கெங்க அலைஞ்சாரோ” என்றாள். புத்தகத்தில் அப்படி எதுவும் இல்லை, அவளாகச் சேர்த்துக்கொண்டது. பிறகு இமையைப் பாதி இறக்கினாள். கீழே வெங்காயத் தோல் நிறத்தில் ஒரு கோடு இழுத்தாள். தூக்கம் கெட்ட மனிதர் ஒருவர் மேசையிலிருந்து என்னைப் பார்த்தார்.

அந்த நேரம் முழுவதும் நான் அவள் பின்னாலேயே நின்றிருந்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். விளக்கை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று சொன்னது நான்தான்.

குழுவில் மறுபடி சேர்ந்து, புதுப் படத்தைப் போட்டேன். அதே கோயம்புத்தூர்க்காரர் எனக்கொன்று செய்து தருவீர்களா என்று கேட்டார். இப்படித்தான் ‘பிரவீன் வில்லன்ஸ்’ தொடங்கியது. வேலையை நாங்கள் முறையாகப் பிரித்துக்கொண்டோம். கருத்து, ஆராய்ச்சி, மேற்பார்வை, பாக்கிங் ஆகியவை என்னுடையவை. உடம்பு கட்டுவது, துணி தைப்பது, முகம், பெயிண்ட் போன்ற கைவேலைகள் அவளுடையவை. ஒரு வீட்டைக் காட்டி யார் கட்டியது என்று கேட்டால், கொத்தனார் பெயரையா சொல்கிறோம்?

சென்னையில் ரசிகர்கள் சந்திப்புக்குக் கூப்பிட்டார்கள். மேடையில் எல்லார் முன்னாலும் ஒரு கண் வரைந்து காட்ட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். நான் வலது கையில் கட்டுப் போட்டுக்கொண்டு போனேன். சுளுக்கு என்றேன். அடுத்த வருஷமும் சுளுக்கு. அதன் பிறகு யாரும் காரணம் கேட்கவில்லை. கட்டு என் அடையாளமாகிவிட்டது. கலைக்காகக் கையையே கொடுத்தவர் என்று ஒருவர் எழுதினார். சிலர் மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள். நான் மறுக்கவில்லை. பிறர் மரியாதையை மறுப்பது ஒரு வகைத் திமிர்.

அந்தப் படங்களையெல்லாம் பிரியா போனில் பார்ப்பாள். சோறு போடும்போது, “கை எப்பிடி இருக்குது மாஸ்டர்?” என்பாள். சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். நானும் சிரிப்பேன். நல்ல குடும்பம்தான் மேடம்.

பெயிண்ட் உரியாமல் இருக்க மேலே ஒரு பூச்சு வேண்டும். பைபாஸில் உள்ள கார் பட்டறையில் அடிக்கும் கிளியரை வாங்கிவந்தோம். அதை அடித்தால் கண்ணில் ஈரம் இருப்பதுபோல் மின்னும். பட்டறைப் பெயிண்டர் சவுரிராயனை நீங்கள் விசாரித்தாயிற்று. ஆகவே அவர் என்ன சொன்னார் என்பதை நானே சொல்லிவிடுகிறேன்.

“சார், இது சாதா பெயிண்டு மாரி இல்ல. மாஸ்க்கு போட்டுக்கினுதான் அடிக்கணும். துணி மாஸ்க்கு இல்ல, ஃபில்டர் வெச்சது. அந்த ஃபில்டரயும் அப்பப்ப மாத்திடணும். நெஞ்சுல எறங்கிச்சின்னா ஆயுசுக்கும் பேஜாரு. எங்கூட வேல செஞ்சவரு ஒருத்தரு அப்டித்தான் பூட்டாரு.”

நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். அன்றைக்கே நல்ல மாஸ்க் வாங்கினேன். இரண்டு பக்கமும் வட்டமான டப்பி போல ஃபில்டர் இருக்கும், உள்ளே கரித்தூள். மாடியில் இருந்த சின்ன அறையை அவளுக்கு ஒதுக்கி, புகையை வெளியே தள்ளும் விசிறியும் வைத்துக் கொடுத்தேன். ஃபில்டர் வாங்கித் தரும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன்.

சங்கடம் எங்கே ஆரம்பித்தது என்றால், பாதத்தில். ஃபிகரின் உள்ளங்காலில் அவள் ‘க’ என்று பொடியாக எழுத ஆரம்பித்தாள். என்னிடம் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பாக்கிங் என் வேலை என்பதால், பெட்டியில் வைப்பதற்கு முன் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிடுவேன். ஒரு வாடிக்கையாளர் பெட்டியைப் பிரிக்கும் வீடியோவைப் போட்டதில் அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

“அடிக்கால்ல இருந்தத யாருங்க தேச்சது?”

“பாலிஷ் போடும்போது போயிருக்கும்” என்றேன்.

அவள் போனை அணைத்துவிட்டு மாடிக்குப் போனாள். அன்றிலிருந்து, கை எப்படி இருக்கிறது என்று கேட்பதை நிறுத்திவிட்டாள்.

பிறகு பிசின் ராணிக்கு இமை வரைவதை அவள் தன் போனில் படம் எடுத்துப் போட்டாள். முகம் தெரியாது, கை மட்டும்தான். வளையல் போட்ட கை. நிறையப் பேர் பார்த்தார்கள். இந்தக் கை யாருடையது என்று கேட்டார்கள். நான் என் பக்கத்தில், ‘என் மேற்பார்வையில் ஓர் உதவியாளர்’ என்று விளக்கம் போட்டேன். அதை யாரும் பொருட்படுத்தவில்லை. மக்களுக்கு வளையல் போதும்.

குயிலாப்பாளையத்திலிருந்து புனிதா வந்தது அதற்குப் பிறகுதான். ஆரோவில்லில் வேலை செய்கிறவர். ஊரில் சின்னதாக ஒரு கண்காட்சிக் கூடமும் நடத்துகிறார். ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். டீ கொடுத்து, வில்லன் என்ற கருத்தைப் பற்றி விரிவாகப் பேசிக்கொண்டிருந்தேன். டீ முடியும்வரை கேட்டார்.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. நான் மேடத்தப் பாக்கத்தான் வந்தேன்” என்றார்.

என் வீட்டில், என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு.

கண்காட்சி முடிவானது. அவள் பெயர் மட்டும்தான் போடுவார்களாம். பிரியா பகலெல்லாம் மாடியறையில் இருந்தாள். சமையல் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒருநாள் டீ எடுத்துக்கொண்டு மேலே போனேன். மேசையில் எனக்குத் தெரியாத ஓர் ஆள் நின்றிருந்தான். இஸ்திரி போட்ட சட்டை. நெஞ்சை நிமிர்த்தி, யாரோ போட்டோ எடுப்பதுபோல லேசாகத் தலையைச் சாய்த்திருந்தான். வலது கையில் கட்டு.

“இது எந்த புக்கு?” என்று கேட்டேன்.

“எந்த புக்குலயும் இல்ல. நானா பண்ணேன். மாஸ்டர் கட்டுக்கைன்னு பேரு.”

“இவன் சக்தி என்ன?”

“மத்தவங்க கைய எடுத்துக்குவான்” என்றாள். அவனுடைய கட்டை விரலுக்குப் பெயிண்ட் வைத்துக்கொண்டே சொன்னாள். குரலில் கோபம் இல்லை. “கையக் குடுத்தவங்களுக்கே தெரியாது. ரொம்ப நாள் கழிச்சித்தான் தெரியும்.”

டீயை மேசை ஓரத்தில் வைத்தேன்.

“கோச்சிக்காதீங்க. மத்த வில்லனுங்க மாரி இவன் நாலு பக்கத்துல செத்துப் பூட மாட்டான். நல்லா இருப்பான், கடைசி வரைக்கும். அப்டித்தான் கத எழுதி வெச்சிக்கினு இருக்கேன்.”

நான் கோபப்படவில்லை மேடம். அந்த ஃபிகரைத் தொழில் கண்ணோடு பார்த்தேன். கழுத்தின் திருப்பம் சரியில்லை என்று சொன்னேன். முகத்தில் என் சாயல் இருந்ததாக இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. அந்த ஆளின் கண்ணில் ஒரு பயம் இருந்தது. என்னிடம் அது கிடையாது.

ஃபில்டர் விஷயம் அதற்குப் பிறகுதான். அவள் கழற்றிப் போட்ட பழைய ஃபில்டர்களை எடுத்துத் துடைத்து, புது உறையில் போட்டு, பாக்கிங் மெஷினில் ஓரத்தை ஒட்டினேன். ஒட்டின இடமே தெரியாது. நான் முழுக்க முழுக்க என் கையாலேயே செய்த வேலைகளில் அதுதான் மிகவும் சுத்தமானது என்று நினைக்கிறேன்.

அவளுக்குக் கெடுதல் செய்ய வேண்டும் என்று நினைக்கவில்லை. கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும் என்று நினைத்தேன். இருமல் வந்தால் படுப்பாள். படுத்தால் கண்காட்சி தள்ளிப்போகும். தள்ளிப்போனால் புத்தி தெளியும். ஒரு புருஷன் இதைக்கூட யோசிக்கவில்லை என்றால் எப்படி?

இருமல் வந்தது. ஆனால் அவள் படுக்கவில்லை. “அந்தி சாஞ்சா மூச்சு இழுக்குதுங்க” என்றாள். “ஃபில்டர நல்ல கம்பெனியா பாத்து வாங்குங்க. எல்லாத்துலயும் டூப்ளிகேட்டு வந்துடிச்சி.” பார்த்து வாங்குகிறேன் என்றேன். ஒருநாள் அவளுக்கு மூச்சு முட்டிப்போய், பக்கத்துத் தெரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவள் மூக்கில் மருந்து ஆவி வைத்திருந்ததால் டாக்டர் என்னைத்தான் கேட்டார். பெயிண்ட், கெமிக்கல் பக்கம் ஏதாவது வேலை செய்கிறாரா? இல்லை டாக்டர், வீட்டில் சும்மாதான் இருக்கிறாள் என்றேன். ரேஷன் கார்டிலும் அப்படித்தான் இருக்கிறது. மூச்சு முட்டினால் வாயில் அடித்துக்கொள்ள ஓர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். அது நன்றாக வேலை செய்தது. இரண்டு தடவை அழுத்தினால் எழுந்து மாடிக்குப் போய்விடுவாள்.

கண்காட்சிக்கு முந்தின நாள் காலையில் எல்லா ஃபிகர்களும் பெட்டிக்குள் போய்விட்டன. மாஸ்டர் கட்டுக்கைக்கு மட்டும் கிளியர் பாக்கி. அவள் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு படியில் நின்றாள்.

“இது ஒண்ணு அடிச்சிட்டா முடிஞ்சிது. ஜல்தியா வந்துடறேன். நாளைக்கு நீங்களும் வர்றீங்கதான?”

“வர்றேன்” என்றேன்.

“அந்தக் கட்டு இல்லாம வாங்க. எல்லாருகிட்டயும் நானே சொல்றேன், இவருதான் எனக்கு அந்த புக்கெல்லாம் குடுத்தாருன்னு. நெசம்தான அது?”

அப்படிச் சொன்னாள். புக்கெல்லாம் கொடுத்தவர். நான் தலையாட்டினேன்.

தெருவில் பைப் போடப் பள்ளம் தோண்டியிருந்தார்கள்; ஒரே புழுதி. விசிறி வழியாகப் புழுதி உள்ளே வரும் என்று தோன்றியதால், கீழே இருந்த மெயின் சுவிட்சை அணைத்தேன். ஜன்னலை அவளே சாத்தியிருந்தாள். காற்றில் கதவு ஆடக்கூடாது என்று வெளியே தாழ்ப்பாள் போட்டேன். இன்ஹேலர் என் சட்டைப் பையில் இருந்தது. அவள் எதையும் கண்ட இடத்தில் வைத்துவிடுவாள். அதனால் நான்தான் பத்திரமாக வைத்திருந்தேன்.

முதலில் இருமல் கேட்டது. பிறகு, “இன்னாங்க, கரெண்டு பூட்ச்சா?” என்றாள். பிறகு கதவைத் தட்டினாள். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவள் அதுவரை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. படியில் உட்கார்ந்திருந்தேன். ஈரமான கிளியரில் ஒரு தூசி ஒட்டினாலும் எடுக்க முடியாது. முழுக்கக் காய்கிறவரை கதவைத் திறக்கவே கூடாது என்பது அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. தவறாகச் சொல்லிவிட்டேன். நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது.

தட்டுவது நின்றது. அதற்குப் பிறகும் காயக் கொஞ்சம் நேரம் கொடுத்தேன். திறந்தபோது அவள் கதவை ஒட்டி, உட்கார்ந்த மாதிரியே சரிந்திருந்தாள். மேசையில் மாஸ்டர் கட்டுக்கை நின்றிருந்தான். கிளியர் மிக நன்றாக வந்திருந்தது.

சுவிட்சைப் போட்டு, இன்ஹேலரை அவள் கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். விழுப்புரம் ஆஸ்பத்திரியில் உயிர் இல்லை என்றார்கள். இழுப்பு நோய் இருந்ததென்று டாக்டர் சீட்டு சொன்னது. அவள் வீட்டார் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நானும் அழுதேன். அந்த அழுகை பொய் இல்லை. வந்திருந்த ஆர்டர்கள் எல்லாம் அப்படியே நின்றுவிட்டன.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். புனிதாதான் விடவில்லை. கண்காட்சியைத் தள்ளிவைத்து, காரியம் முடிந்த பிறகு அவள் நினைவாக நடத்தினார். நானும் போனேன். வாசலில் அவள் படம் மாலையோடு இருந்தது. ‘சிற்பி, ஓவியர்’ என்று எழுதியிருந்தது. அட்டையை மாற்றச் சொல்லிப் புனிதாவிடம் மரியாதையாகக் கேட்டேன். அவர் வந்தவர்களை வரவேற்க நகர்ந்துவிட்டார். உள்ளே கூட்டம் முழுக்க ஒரே ஃபிகரைச் சுற்றி நின்றது. காலேஜ் பெண் ஒருத்தி அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “சார், நீங்கதான மாடலு? கையக் காட்டுங்களேன்” என்றாள். கட்டு இல்லாமல் வந்திருந்தேன். இரண்டு கையையும் பையில் போட்டுக்கொண்டேன். மறுநாள் பேப்பரில், வேலை செய்துகொண்டிருந்தபோதே உயிர்நீத்த கலைஞர் என்று போட்டிருந்தார்கள். கணவர் பிரவீன்குமார் பெட்டி கட்டுவதில் உதவியாக இருந்தார் என்று கடைசி வரியில் இருந்தது.

நேற்று நீங்கள் என்னைக் கூப்பிட்டது ஃபைலை முடிப்பதற்காகத்தான். எனக்குத் தெரியும். இன்ஸ்பெக்டர் இருதயமேரி கண்டிப்பானவர் என்று பயமுறுத்தினார்கள். ஆனால் நீங்கள் தன்மையாகத்தான் பேசினீர்கள். “பெயிண்டு வேல செய்றவங்க. கெமிக்கலு ஒத்துக்கல. வேல நேரத்துல நடந்த விபத்துதாங்க. படிச்சிப் பாத்துட்டு ஒரு கையெழுத்து போடுங்க, நீங்க ஊட்டுக்குப் போவலாம்” என்றீர்கள்.

படித்தேன். ‘இறந்தவர் காமிக்ஸ் வில்லன் உருவங்களை வடிவமைத்துச் செய்து வந்த கலைஞர்’ என்று இருந்தது. அதை உதவியாளர் என்று திருத்த முடியுமா என்று கேட்டேன்.

நீங்கள் பேனாவை வைத்துவிட்டீர்கள். “அவங்க வெறும் ஒதவின்னா, அந்த ரூமுல மாஸ்க்கு போட்டுக்கினு அவங்க ஏங்க இருந்தாங்க? செய்றவரு நீங்க எங்க இருந்தீங்க?”

சரியான கேள்வி. அதற்கு என்னிடம் இரண்டு பதில்கள் இருந்தன. அவள்தான் செய்தாள் என்று ஒப்புக்கொண்டால் நேற்றே வீட்டுக்குப் போயிருப்பேன். அப்பா மல்லாட்டை பிடுங்க ஆள் விட்டிருக்கிறார்; அந்த வேலையையாவது பார்த்திருப்பேன். ஆனால் அது பொய் மேடம். பொய்யில் கையெழுத்துப் போட்டு எனக்குப் பழக்கம் இல்லை. செய்தவன் நான் என்றால், அந்த நேரத்தில் எங்கே இருந்தேன் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அதனால்தான் இன்றைக்கு நானாகவே வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள். டாக்டர் உப்பு, கரையான் துரை, பிசின் ராணி எல்லாம் நான் செய்தவை. மாஸ்டர் கட்டுக்கையும் நான் செய்ததுதான். கலைப்பிரியா என் உதவியாளர். பழைய ஃபில்டரைப் புது உறையில் போட்டது நான். விசிறியை நிறுத்தியது நான். வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு, அவள் தட்டுவது நிற்கும்வரை படியில் உட்கார்ந்திருந்ததும் நான்தான்.

வரிசையை மட்டும் தயவுசெய்து மாற்றிவிடாதீர்கள். செய்தது நான் என்பது முதல் வரியாக வரட்டும். கொன்றதை அதற்குக் கீழே எழுதிக்கொள்ளலாம்.